கவுண்டர்ஸ்பெல் போட்டும் கரடி செத்தது ஏன்?

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த மேஜிக்: தி கேதரிங் சீட்டாட்டம் 1993-இல் வெளியானபோதே அதில் இருந்த கார்டு கவுண்டர்ஸ்பெல். மந்திரம் போடச் செலவழிக்கும் சக்திக்கு மானா என்று பெயர். இரண்டு நீல மானா செலவழித்தால் எதிராளியின் மந்திரத்தைத் தடுத்துவிடலாம். தடுத்துவிட்டால் அந்த மந்திரத்தைப் போடவே இல்லை என்று கணக்கு, இப்படித்தான் புதிதாக ஆட வருபவர்கள் நினைக்கிறார்கள். மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

2011-இல் வந்த ஃபேன்டாஸ்மல் பேர் என்ற மாயக்கரடியை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு நீல மானாவுக்கு 2/2 பலம் (தாக்கும் வலு 2, தாங்கும் வலு 2), கொள்ளை மலிவு. ஆனால் ஏதாவது மந்திரமோ திறனோ அதைக் குறிவைத்தால் அதைப் பலிகொடுத்தாக வேண்டும். எதிராளி 3 அடி கொடுக்கும் லைட்னிங் போல்ட் மந்திரத்தைக் கரடி மேல் ஏவுகிறார். நீங்கள் கவுண்டர்ஸ்பெல் போடுகிறீர்கள். கரடி பிழைக்குமா? பிழைக்காது.

1999-இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு வந்த ஸ்டாக் என்ற அடுக்கு முறைதான் இதற்குக் காரணம். போட்ட மந்திரம் உடனே பலித்துவிடாது. தட்டில் தோசை அடுக்குவது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் காத்திருக்கும். கடைசியாக விழுந்தது முதலில் நடக்கும்.

போல்ட் யார் மேல் என்பதைப் போடும்போதே சொல்லியாக வேண்டும். சொன்னதுமே கரடி குறிக்குள் வந்தாயிற்று. நீங்கள் பதிலுக்கு எதுவும் போடுவதற்கு முன்பே கரடியின் பலித் திறன் (அதைப் பலிகொடுக்க வைக்கும் திறன்) போல்ட்டுக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். உங்கள் கவுண்டர்ஸ்பெல் அதற்கும் மேலேதான் விழும். இப்போது மேலிருந்து எடுங்கள்: கவுண்டர்ஸ்பெல் நடக்கிறது, அடியில் இருக்கும் போல்ட் ஒழிகிறது. அடுத்தது பலித் திறன். போல்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. கரடி குறிவைக்கப்பட்டது, அது போதும்.

கரடியை எப்படியாவது காப்பாற்றியே தீருவேன் என்றால், திறன்களைத் தடுக்கும் ஸ்டைஃபில் கார்டு 2003-லிருந்து இருக்கிறது. ஆனால் அதை மட்டும் போட்டால் போல்ட் வந்து 3 அடி கொடுத்துக் கொன்றுவிடும். இரண்டையும் போட வேண்டும். ஒரு மானா கரடிக்கு மூன்று மானா செலவு; விட்டுத்தள்ளுவதே புத்திசாலித்தனம்.

இதே விதி சில சமயம் நமக்கு லாபம். 2013-இல் வந்த தீரோஸ் தொகுப்பின் ஃபேவர்ட் ஹாப்லைட் வீரனைக் குறிவைத்து நீங்களே ஒரு மந்திரம் போட்டால் அவனுக்கு +1/+1 வளர்ச்சி கிடைக்கும், அந்த முறை முழுக்க அடியும் படாது. எதிராளி மந்திரத்தைத் தடுக்கலாம். வீரன் வளர்வதை அதனால் தடுக்க முடியாது.

2021-இல் நிலையான விதியாக வந்த வார்டு என்ற காப்புத் திறன் இன்னும் சுவாரசியம். வார்டு உள்ள கார்டை எதிராளி தாராளமாகக் குறிவைக்கலாம். ஆனால் சொன்ன விலையைக் கட்டாவிட்டால் மந்திரம் தடுக்கப்படும். சரி, தடுக்கவே முடியாத அப்ரப்ட் டிகே என்ற அழிப்பு மந்திரம் வந்தால்? வார்டு கிளம்பும், விலை கேட்கும். எதிராளி கட்ட மாட்டேன் என்பார். டிகே பாட்டுக்குப் போய்க் கார்டை அழித்துவிடும்.

அந்த டிகேயையும் வீணாக்க வழி உண்டு: அது நடப்பதற்குள் குறிவைக்கப்பட்ட கார்டை உங்கள் கைக்கே திருப்பி எடுத்துக்கொள்வது. குறியே இல்லாத மந்திரம் ஒன்றும் செய்யாமல் கழிந்துபோகும். 2018 வரை விதிப்புத்தகம் இதையும் தடுப்புக் கணக்கில்தான் சேர்த்திருந்தது. டொமினேரியா தொகுப்பு வந்தபோது தனியாகப் பிரித்துவிட்டார்கள்.