ஒருபாலினத் தம்பதிக்கு அமெரிக்க கிரீன் கார்டு: எந்தத் திருமணம் செல்லும், எது செல்லாது

அமெரிக்கக் குடிமகன் தன் மனைவியை அழைத்துக்கொள்ள என்ன வழியோ, அதே வழியில் தன் கணவனையும் அழைத்துக்கொள்ளலாம். பெண் தன் மனைவியை அழைப்பதும் அப்படியே. குடும்ப உறவை நிறுவும் அதே ஐ-130 மனு, அதே கட்டணம், அதே நேர்காணல். 2013 முதல் இதுதான் நடைமுறை. ஆனாலும் நம் ஊரில் பலருக்கு முதலில் வரும் சந்தேகம், "இந்தியாவில் எங்கள் கல்யாணமே செல்லாதே, அப்புறம் எப்படி?" என்பதுதான்.

திருமணம் செல்லுமா என்று முடிவு செய்ய, நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பதை அமெரிக்கக் குடியேற்றத் துறை பார்ப்பதில்லை. திருமணம் எந்த இடத்தில் நடந்ததோ, அந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்றுதான் பார்க்கிறது. டொராண்டோவிலோ நியூயார்க்கிலோ முறைப்படி பதிவு செய்த இரண்டு இந்தியர்களின் திருமணம், இந்தியாவில் செல்லாவிட்டாலும் கிரீன் கார்டுக்குச் செல்லும். சிவில் யூனியன், டொமஸ்டிக் பார்ட்னர்ஷிப் போன்ற பதிவுகள் போதாது. திருமணம் என்ற பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும்.

இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. அமெரிக்கரான ரிச்சர்ட் ஆடம்ஸும் ஆஸ்திரேலியரான ஆண்டனி சல்லிவனும் 1975-இல் கொலராடோ மாநிலம் போல்டரில் திருமணம் செய்துகொண்டார்கள். கணவருக்காக ஆடம்ஸ் மனுப் போட்டபோது, இருவரையும் கேவலமான வசைச்சொல்லால் குறித்து, இப்படிப்பட்டவர்களுக்குள் உண்மையான மணவாழ்வு இருக்க முடியாது என்று அரசாங்கத்தின் கடிதத்தாளிலேயே பதில் வந்தது. வழக்குப் போட்டு 1982-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 2013 ஜூன் 26 அன்று விண்ட்சர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற மத்தியச் சட்டப் பிரிவை ரத்து செய்தது. அடுத்த மாதமே குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், ஸெலெனியாக் வழக்கில் ஒருபாலினத் தம்பதிகளுக்கும் அதே விதிதான் என்று முடிவு சொன்னது. அதைப் பார்க்க ஆடம்ஸ் உயிரோடு இல்லை. 2012 டிசம்பரில் இறந்துவிட்டார். சல்லிவனுக்கு 2016-இல், கணவரான ஆடம்ஸை இழந்தவர் என்ற முறையில் கிரீன் கார்டு வந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமும், ஒருபாலினத் திருமணத்தை மத்திய அரசு அங்கீகரிக்க வேண்டும் என்ற திருமண மதிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகவே இன்றைய பாதுகாப்பு நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் நம்பி நிற்கவில்லை.

இனி நம் ஊர் நிலவரம். 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. ஆகவே மதுரையில் மாலை மாற்றிக்கொண்டாலும், நண்பர்கள் முன்னிலையில் சுயமரியாதைத் திருமணமே செய்துகொண்டாலும், அதை வைத்து ஐ-130 போட முடியாது. அந்தப் படங்களை உறவுக்கான சான்றாகக் கொடுக்கலாம். படிவத்தில் 'திருமணமானவர்' என்று நிரப்பக் கூடாது. திருநங்கையரின் நிலை வேறு. தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்றது அந்தத் தீர்ப்பு. அப்படிப் பதிவான திருமணம் நடந்த இடத்திலேயே செல்லும் திருமணம்.

இந்தியாவில் இருக்கும் துணைக்குப் பெரும்பாலும் பொருந்துவது கே-1 என்ற வருங்காலத் துணைக்கான விசா. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்தான் இதற்கு மனுப் போட முடியும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ காலில் எத்தனை வருஷம் பேசியிருந்தாலும் இந்த விதிக்கு அது கணக்கில்லை. அமெரிக்காவில் இறங்கிய 90 நாளுக்குள் திருமணம் செய்து, பிறகு கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு வழி, ஒருபாலினத் திருமணம் செல்லும் வேறொரு நாட்டில் மணம் முடித்துவிட்டு ஐ-130 போடுவது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் ஆன்லைன் திருமணம் பற்றிப் பலர் பேசுகிறார்கள். இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் திரை வழியே செய்த திருமணம் என்றால், அதற்குப் பிறகு நேரில் சேர்ந்து தாம்பத்தியம் தொடங்கியிருந்தால்தான் குடியேற்றத்துக்குச் செல்லும். துணை எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் என்றால், அவரைச் சட்டப்படி மணந்தவருக்கு எச்-4 என்ற குடும்பத்தினருக்கான விசா கிடைக்கும்.

"டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு இருந்துவிடு" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தங்கிவிடும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா விசா வாங்கினால் அது பொய்த் தகவல் தந்த குற்றம். வாழ்நாள் தடைவரை போகும்.

திருமணம் உண்மையானது என்று நிரூபிப்பதில்தான் நம்மவர்கள் திணறுகிறார்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். கையில் இருக்கும் காகிதம்தான் வேறு. மற்ற தம்பதிகள் பத்திரிகை, மண்டபம், இரு வீட்டாரும் நிற்கும் ஆல்பம் என்று அடுக்கிவிடுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் பத்து வருஷம் பழகியவர்களிடம் என்ன இருக்கும்? "ரூம்மேட்" என்று எழுதிய வாடகை ஒப்பந்தம் இருக்கலாம். அதையும் வையுங்கள், ஒரே முகவரியில் இருவர் பெயரும் இருப்பதுதான் அதன் பலம். சேர்ந்து போன பயணங்களின் டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, ஓட்டல் பில், ஒருவருக்கொருவர் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, இன்சூரன்ஸ் நாமினி, வருஷ வாரியாகச் சில வாட்ஸ்அப் உரையாடல்கள், உறவை அறிந்த நண்பர்களின் கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாம் சேரும். பெற்றோர் ஏன் ஒரு படத்திலும் இல்லை என்பதை அதிகாரி கேட்கும்வரை காத்திருக்காமல், ஒரு பக்கக் கடிதத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டு நெருக்கடியால் முன்பே வேறொருவரை மணந்தவர்களுக்கு நீதிமன்ற விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதிக்கொண்ட முத்திரைத்தாளை நம்பி இரண்டாவது திருமணத்துக்குப் போகாதீர்கள். முதல் திருமணம் முறைப்படி முடியாவிட்டால் இரண்டாவது செல்லாது.

விசா ஆவணங்கள் அமெரிக்கச் சட்டப்படி ரகசியமானவை. தூதரகம் உங்கள் வீட்டுக்குச் சொல்லாது. ஆனால் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவாவில் விண்ணப்பித்தால் விசாரணைக்கு வீட்டுக்கே ஆள் வரலாம். வெளிநாடு போவதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை அதற்கு முன்பே யோசித்து வையுங்கள். இலங்கையில் ஒருபாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருப்பதால், அங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள் ஆவணங்களைக் கூடுதல் கவனத்தோடு பத்திரப்படுத்த வேண்டும்.

ஸ்பான்சர் செய்பவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி, அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற மாநிலங்களில் இருவர் குடும்பத்துக்கு இது 26,437 டாலராக இருந்தது. குறைந்தால் வேறொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம்.

கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை கார்டுதான் வரும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து போட வேண்டும். இந்த இடத்தில்தான் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். "கையெழுத்துப் போட மாட்டேன், உன் அப்பா அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்" என்று துணை மிரட்டினால், அடித்தால், நீங்கள் தனியாகவே ஐ-751 போடலாம். அதற்கு அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. விவாகரத்து ஆனவர்களுக்கும் இதே விலக்கு உண்டு. இன்னும் கார்டே வராத நிலையில் கொடுமைக்கு ஆளானவர்கள், துணையின் தயவில்லாமல் ஐ-360 படிவத்தில் தாங்களே மனுச் செய்யலாம். அதை அரசு துணைக்குத் தெரிவிக்காது.