ஃபில்டர், ஹுட்: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸின் வடிகட்டியும் ஒளிமறைப்பும்

ஃபில்டர் என்ற சொல் இடைக்கால லத்தீனின் ‘ஃபில்ட்ரும்’ என்பதிலிருந்து வந்தது. கம்பளி மயிரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணிக்கு அந்தப் பெயர். நீர்மங்களை அதில் ஊற்றி வடித்ததால் வடிக்கும் பொருளுக்கே பெயராகிவிட்டது. தமிழில் வடிகட்டி என்பதே போதும். டீ வடிகட்டி சக்கையைப் பிடித்துக்கொள்வதுபோல, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மஞ்சள் வடிகட்டி நீல ஒளியைப் பிடித்துக்கொள்கிறது. வானம் கறுத்து மேகம் எடுப்பாக விழுகிறது.

லென்ஸின் முன்னே மாட்டும் ஹுட்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் முக்காடு என்று பொருள். இதை ‘லென்ஸ் மூடி’ என்று எழுதுவது தவறு, ஏனென்றால் மூடி என்றால் கேப். ஜெர்மானியர் வைத்த பெயர் கேகன்லிஷ்ட்பிளெண்டே, அதாவது எதிர்வெளிச்சத் தடுப்பு. அந்த வழியில் ஒளிமறைப்பு என்பது சரியாக நிற்கும். சட்டகத்துக்கு வெளியிலிருந்து கண்ணாடியில் விழும் வெயிலைத்தான் அது மறைக்கிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத அல்லது ஒற்றைப் பூச்சுள்ள பழைய லென்ஸில் அந்த வெயில் உள்ளே சிதறிப் படம் முழுவதையும் வெளிறச் செய்யும். ஆகவே வடிகட்டி இல்லாமல் வெளியே போகலாம். ஒளிமறைப்பு இல்லாமல் போகக்கூடாது.

வாங்கும்போது குழப்புவது அளவு. ஜெர்மானிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவான லைக்காவின் துணைக்கருவிகளில் ‘ஏ’ என்பது ஆஃப்ஷ்டெக், மேலே செருகுவது. ‘இ’ என்பது ஐன்ஷ்ராப், திருகுவது. ஏ36 வடிகட்டி 36 மி.மீ. வெளிவிட்டத்தில் செருகி நிற்கும். இ39 வடிகட்டி 39 மி.மீ. மரையில் ஏறும், மரை இடைவெளி 0.5 மி.மீ. லென்ஸைக் கேமராவில் மாட்டும் மரையும் 39 மி.மீ.தான், ஆனால் அங்கே அங்குலத்துக்கு 26 மரை. இரண்டும் வேறு, ஒன்றை மற்றதில் திருகினால் மரை கெடும். சோவியத் லென்ஸான ஜூபிட்டர்-8க்கு 40.5 மி.மீ. வடிகட்டி வேண்டும்.

லைக்காவின் 5 செ.மீ. எல்மார் எஃப்/3.5 லென்ஸில் இன்னொரு சிக்கல். ஒளி புகும் துளையின் அளவை மாற்றும் குட்டி நெம்பு முன்முகத்தில், கண்ணாடியை ஒட்டியே இருக்கிறது. ஏ36 வடிகட்டி போட்டால் நெம்பு மறைந்துபோகும். எனவே முதலில் துளையை வைத்து, பிறகு வடிகட்டியைச் செருக வேண்டும். ஒளிமறைப்புக்குள் விரலை விட்டுத் தள்ளினால் கண்ணாடியில் ரேகை பதியும். இதற்காகவே லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனம், துளையை வெளியிலிருந்து திருப்பும் வாலூ என்ற ஒளிமறைப்பைச் செய்தது, கிடைத்தால் விடாதீர்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை, வியூஃபைண்டர் என்ற தனிச் சன்னல் வழியே பார்க்கிறோம். வடிகட்டியின் விளைவும் தெரியாது, ஒளிமறைப்பு மூலைகளை வெட்டுவதும் தெரியாது. லைக்காவில் ஒளிமறைப்பு வியூஃபைண்டரின் வலது கீழ் மூலையை மறைக்கும். சில ஒளிமறைப்புகளில் சன்னல்போல வெட்டு விட்டிருப்பது அதனால்தான். வடிகட்டியின் மேல் ஒளிமறைப்பை மாட்டினால் அது இன்னும் முன்னே தள்ளி நிற்கும், 35 மி.மீ. லென்ஸில் மூலை கறுக்கும். லென்ஸைக் கழற்றி, துளையை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாகப் பார்த்தால் விளிம்பு குறுக்கிடுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஒளியளவிலும் கவனம் வேண்டும். மீட்டர் இல்லாத கேமராவில் வடிகட்டியின் பெருக்கெண்ணை நாமே சேர்க்க வேண்டும்: மஞ்சள் 2 மடங்கு, ஒரு ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி), சிவப்பு (எண் 25) 8 மடங்கு, மூன்று ஸ்டாப். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு 1/125 நொடி, எஃப்/16 என்றால், சிவப்பு போட்டதும் எஃப்/5.6. பளபளப்பைக் குறைக்கச் சுழற்றும் வடிகட்டியான போலரைசரைக் கண்முன் பிடித்துச் சுழற்றி, சரியான நிலையில் மேலே நிற்கும் குறியைப் பார்த்து, லென்ஸிலும் அதே குறி மேலே வரும்படி வைக்க வேண்டும். எல்மார் ஃபோகஸ் செய்யும்போது தானும் சுழலும், ஆகவே ஃபோகஸை முதலில் முடியுங்கள்.

அலுமினிய வளையம் மரையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பித்தளை வளையம் அவ்வளவு பிடிக்காது. இறுகிவிட்டால் இரு விரலால் நெருக்கக்கூடாது, வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். சுற்றிலும் ரப்பர் பேண்ட் போட்டு, எல்லாப் பக்கமும் சமமாகப் பிடித்து, அழுத்தாமல் திருப்புங்கள்.