மூன்றாம் வருடம் யார் காசு கொடுப்பார்கள்? துவாலுவின் குடிநீரும் வெளிநாட்டு உதவியும்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். அதனால் ஏதோ ஒரு குட்டித் தீவுக்குப் பெரிய நாடு ஒன்று இப்படியொரு இயந்திரம் கொடுத்தது என்று செய்தி வந்தால், மூன்றாம் வருடம் அதற்கு மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) வாங்கப் போவது யார் என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் அந்தத் தகவல் இருக்காது.

பசிபிக்கில் இருக்கும் துவாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது தீவுகள், மொத்தமே 26 சதுர கிலோமீட்டர், சுமார் 11,000 பேர். ஆறு கிடையாது. நிலத்தடி நீரில் உப்பும் செப்டிக் டேங்க் கசிவும் கலந்திருப்பதால் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 2011-ல் லா நினாவால் (பசிபிக் கடல்நீர் குளிர்ந்து மழைப்போக்கு மாறும் நிலை) மாதக்கணக்கில் மழை பொய்த்து, செப்டம்பர் கடைசியில் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர், அதாவது இரண்டு வாளி. குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆர்.ஓ இயந்திரங்களை விமானத்தில் கொண்டுபோய் இறக்கின. அந்த உதவி மக்களைக் காப்பாற்றியது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பொதுவாகச் சிக்கல் வருவது மழை திரும்பிய பிறகுதான். கடல்நீரை மெம்பரேன் வழியாகத் தள்ள 55, 60 பார் அழுத்தம் வேண்டும், அதற்கான மின்சாரம் இந்தத் தீவுகளில் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலில் இருந்து கிடைப்பது, ஆகவே தொட்டி நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஆர்.ஓ-வை அப்படியே சும்மா போட்டுவைக்க முடியாது. நல்ல தண்ணீரில் அலசி, கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்பி, அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் சில மாதம் விட்ட இயந்திரங்களை நான் திறந்திருக்கிறேன், துவாலுவில் அல்ல, வேறு கடற்கரைகளில். மூடியைக் கழற்றியதுமே அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மெம்பரேன் முனையில் விரலால் வழித்தெடுக்கிற அளவுக்குப் பழுப்பாக வழவழவென்று படிந்திருக்கும். கெமிக்கல் விட்டுக் கழுவிப் பார்ப்போம், பல நேரம் தேறாது. அப்புறம் அடுத்த வறட்சி வரும்போது புது இயந்திரம் கேட்டு மறுபடி கடிதம் எழுத வேண்டியதுதான்.

இதற்கு அந்த ஊர் ஆட்களின் அக்கறையின்மை காரணம் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இயந்திரம் வாங்கித் தருவது திட்டச் செலவு, அதைக் கொடுக்கும் நாடு ஏற்கும். மெக்கானிக் சம்பளம், ஃபில்டர், கெமிக்கல் எல்லாம் தொடர்செலவு, அது வாங்கும் நாட்டின் தலையில் விழும். போதாததற்கு ஒவ்வொரு நாடும் தன் பிராண்டையே கொண்டுவரும், ஒன்றின் பம்ப் சீல் இன்னொன்றில் பொருந்தாது.

இதற்கு ஒரு நல்ல வழி துவாலுவிலேயே இருக்கிறது. 1987-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகள் முக்கியப் பங்கு போட, துவாலுவும் தன் பங்கைச் சேர்த்து, ஏறத்தாழ 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் துவாலு அறக்கட்டளை நிதியைத் தொடங்கினார்கள். போட்ட மூலதனத்தை விலைவாசி ஏற்றம் தின்றுவிடாமல் காப்பாற்றி, அதற்கு மேல் வரும் வருமானத்தை மட்டும் அரசு எடுத்துச் செலவழிக்கலாம். 2008 நிதி நெருக்கடியில் இந்த நிதியின் மதிப்பும் சரிந்தது, உண்மைதான். ஆனாலும் ஒரு மெக்கானிக்கின் சம்பளத்தை யாரிடமும் கேட்காமல் கொடுக்க உதவுவது இந்த மாதிரிப் பணம்தான், நான் பார்த்த உதவிகளில் இதைத்தான் மேலாக வைப்பேன்.

நம் ஆட்கள் பலர் இந்தத் துறையில் ஆலோசகர்களாகவும் சப்ளையர்களாகவும் இருக்கிறீர்கள். இப்படியொரு தீவுக்கான எஸ்டிமேட் உங்கள் மேசைக்கு வந்தால், ஐந்து வருடப் பராமரிப்பைத் தனி வரியாகப் போடுங்கள். அங்கே ஏற்கனவே எந்தப் பம்ப் ஓடுகிறது என்று கேட்டு அதே பிராண்டைக் கொடுங்கள். மாற்று மெம்பரேனும் சீல்களும் இயந்திரம் போகும் அதே கப்பலில் போகட்டும். அதற்கும் முன்னால் கூரைத் தகடும் மழைநீர்க் குழாயும் ஓட்டை இல்லாமல் இருக்கிறதா, தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஆர்.ஓ-வின் விலையில் சிறு பங்குதான்.