சமத்துக் குழந்தையும் குதிகால் ரத்தமும்

"புள்ள ரொம்பச் சமத்து டாக்டர், அழுகவே மாட்டேங்குறான். பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்."

காரைக்குடியில் என் கிளினிக்கில் ஒரு ஆயா பெருமையாகச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. பேரனுக்கு 24 நாள். மஞ்சள் இன்னும் போகவில்லை என்று தினமும் காலையில் வளவில் வெயில் காட்டுகிறார்களாம். தொப்புள் புடைத்திருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம். சீண்டி அழவைத்தால் குரல் கரகரத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 100-ஐத் தாண்டியிருந்தது. தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால்தான் அது இப்படி ஏறும்; பிறவியிலேயே தைராய்டு குறைபாடு.

இத்தனைக்கும் பிறந்த இடத்தில் இந்த டெஸ்டுக்காகக் குதிகாலில் ரத்தம் எடுத்து, ரிசல்ட்டும் வந்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண். கொடுத்திருந்ததோ திருப்பூரில் இருக்கும் கணவரின் நம்பர். தெரியாத அழைப்பு என்று அவர் எடுக்கவில்லை. என்னிடம் வந்த அன்றே தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கினோம். ஆனாலும் முதல் 14 நாள் கைவிட்டுப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குள் தொடங்கினால் மூளை வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

இவனுக்காவது அறிகுறி தெரிந்தது. இந்தக் குறையோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் பார்வைக்கு நன்றாகவே இருப்பார்கள். வயிற்றில் இருக்கும்வரை தாயின் ஹார்மோன் ஓரளவு காப்பாற்றிவிடுகிறது. அதனால் டெஸ்ட் ஒன்றுதான் வழி. இந்தியாவில் ஏறத்தாழ 1000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. "எனக்குத் தைராய்டு இல்லையே, பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு: பெரும்பாலும் குழந்தையின் சுரப்பியே சரியாக உருவாகாததுதான் காரணம். யார் தவறும் இல்லை. சுரப்பி இருந்தும் ஹார்மோன் தயாரிக்க முடியாத வகை ஒன்று உண்டு. அது சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு கூடுதல். அத்தை மகன், மாமன் மகள் கட்டிய வீடென்றால் நான் இரண்டு முறை கேட்டுவிடுவேன்.

பிறந்ததும் டி.எஸ்.எச். தானாகவே ஏறி இறங்கும். அதனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. முன்னதாகவே வீட்டுக்குப் போவதென்றால் தொப்புள்கொடி ரத்தத்திலும் பார்க்கலாம்.

மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் கொடுத்தால் போதும். இரும்பு, கால்சியம் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை தெளிந்துவிட்டான் என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; நிறுத்திப் பார்க்கலாமா என்பதை 3 வயதுக்குப் பிறகுதான் யோசிப்போம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது குழந்தை எந்த வீட்டில் இருக்கப் போகிறதோ அந்த வீட்டு நம்பரையும் எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் ரிசல்ட் வரவில்லையா, நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.