நீதியதிகாரம் (குவாசா கெஹாக்கிமான்)

சுங்கை சிப்புட் டவுனில் ‘கோர்ட்டு’ என்றால் சம்மன், ஜாமீன், அபராதம் நினைவுக்கு வரும். அங்கே அமர்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அந்த அதிகாரத்தின் மலாய்ப் பெயர்தான் குவாசா கெஹாக்கிமான்.

வேர் அரபு. ஹுக்கும் (தீர்ப்பு), ஹாக்கிம் (நீதிபதி), மஹ்காமா (நீதிமன்றம்) மூன்றும் தீர்ப்பளித்தலைக் குறிக்கும் ஒரே வேரில் கிளைத்தவை. ஹாக்கிமின் முன்னும் பின்னும் ‘கெ’, ‘ஆன்’ என்ற மலாய் ஒட்டுகள் சேர, கெஹாக்கிமான் பிறந்தது. தமிழில் ‘நீதித்துறை அதிகாரம்’ என்று எழுதுகிறோம். ‘துறை’ என்றதும் ஏதோ ஓர் இலாகாவின் அதிகாரம் போலத் தொனிக்கிறது. அந்தக் குழப்பம்தான் இங்கே ஆபத்து. ‘நீதியதிகாரம்’ நேரானது. நீதியும் அதிகாரமும் வடசொற்கள். தனித்தமிழ் வேண்டுவோர் ‘முறை’யை எடுக்கலாம்: ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ என்கிறது 541ஆம் குறள். முறையீடு, மேல்முறையீடு இன்றும் நம் வாயில் இருப்பதால் ‘முறைசெய் வல்லமை’ அந்நியமாக ஒலிக்காது.

கூட்டரசின் நீதியதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கும் என்று மலேசிய அரசியலமைப்பின் 121(1) பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. 1988 ஜூன் 10 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டது. கூட்டரசுச் சட்டம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவே நீதிமன்றத்தின் அதிகாரம் என்றானது. அதே திருத்தத்தில் வந்ததுதான் ஷரியா நீதிமன்றங்கள் பற்றிய 121(1A).

ஒரு சொல் போனால் என்ன கெடும்? செம்பனை நட்ட இரண்டு ஏக்கரை நெடுஞ்சாலைக்காக அரசு எடுக்கிறது என்று வையுங்கள். இழப்பீடு போதவில்லை என்று ‘பாரம் என்’ (Form N) என்ற ஆட்சேபப் படிவத்தை நிரப்பி உயர் நீதிமன்றம் போகிறோம். (நிர்ணயித்த அன்று நேரில் இருந்தவருக்கு ஆறே வாரம்தான் கெடு, பலர் தவறவிடுவது இங்கேதான்.) நில எடுப்புச் சட்டத்தின் 40D, தொகையை முடிவு செய்யும் உரிமையை இரண்டு மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுத்திருந்தது. இருவரும் ஒத்துப்போனால் நீதிபதி அதை ஏற்க வேண்டும். வேறுபட்டால் ஒருவர் பக்கம் சாய வேண்டும். 2017இல் செமினி ஜெயா வழக்கில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாதென அறிவித்தது. நீதியதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்றும் உறுதி செய்தது. மறு ஆண்டு, ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி தம் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கிலும் அதே நிலைப்பாடு தொடர்ந்தது.

ஆனாலும் அது தீர்ப்பு. வேறொரு நீதிபதிகள் குழு நாளை வேறாகப் பொருள் கொள்ளலாம். 2007இல் கோக் வா குவான் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு அப்படித்தான் 121(1)ஐச் சுருக்கி வாசித்தது. அதனால் சொல்லை அரசியலமைப்பிலேயே மீண்டும் எழுத வேண்டும் என்பதே சரி. 159ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அவையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும்: மக்களவையின் 222 பேரில் 148, மேலவையின் 70 பேரில் 47. அன்று வராதவரும் கணக்கில் அடங்குவார். மசோதா கவிழ்வதற்கு அது ஒன்றே போதும். சபா, சரவாக் உயர் நீதிமன்றத்தின் அமைப்பையோ அதிகார வரம்பையோ தொட்டால் அந்த மாநில ஆளுநர்களின் இசைவும் தேவை.

1994இல் உச்ச நீதிமன்றம் கூட்டரசு நீதிமன்றமாகப் பெயர் மாறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிதாக வந்தபோதும் அந்தச் சொல் திரும்பவில்லை. சொல் திரும்பினாலும் நீதிபதிகளை நியமிப்பது யார் என்ற கேள்வி மிஞ்சும். நீதிபதி நியமன ஆணையம் 2009இன் சாதாரணச் சட்டத்தில் நிற்கிறது. சாதாரணப் பெரும்பான்மையில் அதைக் கலைக்கலாம். ஆணையம் பெயர்களைப் பரிந்துரைத்தாலும், 122B பிரிவின்படி மாமன்னருக்கு ஆலோசனை சொல்பவர் பிரதமர். ஆகவே வரைவு எழுதுவோர் 121(1)ஐயும் 122Bயையும் ஒரே மசோதாவில் கையிலெடுக்க வேண்டும்.