16 மில்லிநொடியும் ஒரு பாலமும்

கைப்பேசித் திரையில் உள்ள பட்டியலை விரலால் தள்ளினால், அது விரலோடு ஒட்டிக்கொண்டே நகர வேண்டும். சற்றுப் பின்தங்கினாலும் கண் பிடித்துவிடும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒவ்வொரு காட்சியையும் வரைந்து முடிக்கச் செயலிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, 120 முறை புதுப்பிக்கப்படும் திரையில் அதில் பாதி. ஜாவாஸ்கிரிப்டில் கைப்பேசிச் செயலி எழுதுவோர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்களில் பல, இந்த அவகாசத்தைக் கோட்டைவிட்டதால் கிடைத்தவை.

ஆண்ட்ராய்டுக்கு ஒரு முறையும் ஐஃபோனுக்கு ஒரு முறையும் ஒரே செயலியை எழுதும் சுமையைத் தவிர்க்கவே, 1995இல் இணைய உலாவிக்காகப் பிறந்த இந்த மொழி கைப்பேசிக்குள் கொண்டுவரப்பட்டது. ஃபோன்கேப், கார்டோவா போன்ற முதல் தலைமுறைக் கருவிகள், செயலி என்ற உறைக்குள் வெப்வியூ எனும் உலாவிச் சாளரத்தை வைத்து, அதில் ஒரு வலைப்பக்கத்தைக் காட்டின. அக்கால உலாவிகளோ, இரட்டைத் தட்டலா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் சுமார் 300 மில்லிநொடி காத்திருந்தன. வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல்5-ஐ அளவுக்கு மீறி நம்பியது தம் நிறுவனத்தின் மிகப் பெரிய தவறு என்று ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க் 2012இல் சொன்னார்.

அதே நிறுவனம் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் என்ற கருவி வேறு வழியில் சென்றது. அதில் வலைப்பக்கம் கிடையாது. பொத்தானும் பட்டியலும் அந்தந்த இயங்குதளத்துக்கே உரியவை. என்ன காட்ட வேண்டும் என்பதை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் தனக்கென உள்ள ஓர் இழையில் (வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஓட்டத்தில்) முடிவு செய்ய, திரையை வரையும் வேலை முதன்மை இழையில் நடந்தது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்ததைப் 'பாலம்' என்றார்கள். பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு செய்தியும் ஜேசன் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டு, வரிசையில் நின்று, அக்கரையில் மீண்டும் பிரித்துப் படிக்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் மெதுவான மொழி என்ற பழி பரவலாகச் சொல்லப்பட்டாலும், பல இடங்களில் நேரத்தைத் தின்றது கணக்கீடு அன்று, இந்தப் போக்குவரத்துதான் என்பேன்.

ஒரு நீண்ட பட்டியலை வேகமாகத் தள்ளும்போது இது கண்ணுக்கே தெரியும். நகர்வைக் கவனிப்பது முதன்மை இழை என்பதால் பட்டியல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அடுத்த வரிசைகளை உருவாக்க வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் வந்து சேராததால் வெற்று இடம் மட்டும் தெரியும். ஒவ்வொரு வரிசையின் உயரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், வரிசைக்குள் வேலையைக் குறைப்பதும் இதற்குப் பெருமளவு உதவும். அசைவூட்டத்துக்கும் இதே தர்க்கம்தான்: காட்சிக்குக் காட்சி செய்தி அனுப்பாமல், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற முழு விவரத்தையும் ஒரே தடவையில் அக்கரைக்கு ஒப்படைத்துவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் திணறினாலும் அசைவு திணறாது.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதற்காக 2019இல் அறிமுகமான ஹெர்மிஸ் இயந்திரம், நிரலைக் கைப்பேசியில் அலசுவதற்குப் பதிலாகச் செயலியைக் கட்டும்போதே பைட்கோடாக, அதாவது இயந்திரம் உடனே ஓட்டக்கூடிய வடிவமாக, மாற்றிவைத்து, திறக்கும் நேரத்தைக் குறைத்தது. ரியாக்ட் நேட்டிவின் 2024இல் வந்த 0.76 பதிப்பு முதல் இயல்பாகவே புதிய கட்டமைப்பு அமைகிறது. ஜாவாஸ்கிரிப்ட் இப்போது ஜேசன் வழியாகச் சுற்றிப் போகாமல், சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட பொருள்களை நேரடியாக அழைக்கிறது. பாலம் போனாலும், ஜாவாஸ்கிரிப்ட் இழை ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு பெரிய கணக்கீட்டை ஓடவிட்டால், பொத்தானைத் தட்டியவர் அது முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு பாடம் சற்று விசித்திரமானது. முன்பு பிழைதிருத்தத்துக்காகச் செயலியைக் கணினியின் குரோம் உலாவியோடு இணைத்தால், நிரல் கைப்பேசியில் ஓடாமல் கணினியிலேயே ஓடியது. தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே வெறும் இடைவெளி விட்டு எழுதிய சரத்தைக் குரோமின் இயந்திரம் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளும். ஐஃபோனில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட்கோர் இயந்திரமோ, செல்லாத தேதி என்று தள்ளிவிடும். பிழையைத் தேடிக் கணினியை இணைத்த கணமே பிழை காணாமல் போகும். இணைப்பைத் துண்டித்தால் திரும்பி வரும்.