இறக்கத்தில்தான் தெரியும் பூட்ஸின் அளவு

மலையேற்றமோ வேட்டையோ முடித்துத் திரும்பியவர்கள் கறுத்துப்போன கால் நகத்தோடு என்னிடம் வரும்போது, எந்தக் கல்லிலும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இடித்தது கல் அன்று, காலணியின் முன்பகுதி. இறங்கும்போது உடல் எடையும் முதுகுச் சுமையும் சேர்ந்து தள்ளுவதால், ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னோக்கிச் சறுக்கி, ஆயிரக்கணக்கான முறை மோதிய நகத்தின் அடியில் இரத்தம் கட்டிக்கொள்கிறது.

ஆகவே, கடையின் சமதளத்தில் நாலடி நடந்து பார்ப்பது போதாது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால், மாலை வேளையில், பயணத்தில் அணியவிருக்கும் அதே காலுறையோடு இரண்டு கால்களிலும் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, சரிவான பலகையிலோ படியிலோ இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்புறத்தைத் தொடக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 1 செ.மீ. இடம் வேண்டும். பலருக்கு அந்த நீளமான விரல் பெருவிரல் அன்று, இரண்டாம் விரல். இரு பாதங்களும் அளவில் வேறுபட்டால் பெரியதற்கே வாங்க வேண்டும். குதிகால் மேலெழும்பினால் அங்கே கொப்புளம் வர வாய்ப்பு அதிகம்.

கணுக்காலை மூடும் பூட்ஸ் அணிந்தால் சுளுக்கே வராது என்ற நம்பிக்கையை நான் முழுதாக ஏற்பதில்லை. முன்னும் பின்னும் பிடித்து முறுக்கினால் துணிபோல் வளையும் அடித்தளம், எவ்வளவு உயரமான பூட்ஸில் இருந்தாலும் பாறைக்கு உதவாது.

மலையேறுபவர் தொடர்ந்து நடக்கிறார். வேட்டைக்காரரோ குளிரில் மணிக்கணக்காக அசையாமல் காத்திருந்துவிட்டு, பிறகு சுமையோடு நடக்கிறார். வேட்டைக்காரருக்குக் கதகதப்பைத் தரும் தடித்த உட்பஞ்சு, மலையேறுபவருக்கு வியர்வையைத் தேக்கித் தோலை ஊறவைக்கும். நீர்புகா பூட்ஸிலும் மேல்வழியாகப் புகுந்த நீர் எளிதில் உலராது. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், கம்பளியோ செயற்கை இழையோ நல்லது.

நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குக் காலணி கடிப்பதே தெரியாது. அவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துவிட்டு, வழியில் ஓய்வெடுக்கும்போதெல்லாம் காலுறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பூட்ஸை எடுத்துக்கொண்டு நேரே காட்டுக்குப் போகாதீர்கள். மேல்தோலுக்கும் அடித்தளத்துக்கும் இடையே பாலியூரித்தேன் என்னும் செயற்கை நுரைப்பொருளால் ஆன நடு அடுக்கு, அணியாவிட்டாலும் காற்றின் ஈரத்தால் சிதையும். மேல்தோல் புதிதுபோல் பளபளக்க, அடித்தளம் பாதி வழியில் கழன்று விழும். வீட்டிலேயே அந்த அடுக்கை விரலால் அழுத்திப் பாருங்கள். விரிசலோ பொடியோ தெரிந்தால் அந்தப் பூட்ஸ் வேண்டாம்.